கல்லூரிக் கால்பந்து அணிகளின் முன்மதிப்பீடு (பத்மநாபபுரம் வட்டாரம்)

கல்லூரிக் கால்பந்து அணிகளின் முன்மதிப்பீடு என்பது ஓர் ஆண்டின் போட்டிகள் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு அணியின் வலுவையும் குறையையும் ஆராய்ந்து, அது எவ்வளவு தூரம் செல்லும் என்று கணிப்பது. அமெரிக்காவில் இது இதழியலின் தனிப்பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இது பெரும்பாலும் பேச்சாகவே நிகழ்கிறது. உடற்கல்வி இயக்குநரின் அறையிலும், மைதானத்து ஓரத்திலும், ஜூன் ஜூலை மாதங்களில் கடற்கரை ஊர்களில் நடக்கும் போட்டிகளின் இடைவேளைகளிலும் அணிகள் எடைபோடப்படுகின்றன. அங்கே 'இந்த வருஷம் யார் ஜெயிப்பார்கள்' என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி உண்டு. எந்த மாணவன் பல்கலைக்கழக அணிக்குள் நுழைவான் என்பது அது. அதைப் பொறுத்துத்தான் பலருக்கு வேலைவாய்ப்பு அமைகிறது.

அமெரிக்க வழக்கம்

அமெரிக்காவில் 'கல்லூரிக் கால்பந்து' என்பது கையில் பந்தைத் தூக்கி ஓடும் வேறொரு ஆட்டத்தைக் குறிக்கும். ஆனால் அதன் முதல் போட்டியாகக் கருதப்படும் 1869 நவம்பர் 6 ஆட்டம் (ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள், ரட்கர்ஸ் 6–4 என வென்றது) நாம் அறிந்த கால்பந்துக்கு நெருக்கமான விதிகளில்தான் ஆடப்பட்டது. பந்தைக் கையில் எடுத்து ஓட அன்று அனுமதி இல்லை.

அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1936 முதல் கல்லூரி அணிகளின் தரவரிசையைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. 1950 முதல் பருவம் தொடங்குமுன்பே ஒரு பட்டியலையும் வெளியிடுகிறது. சென்ற ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள், புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள், பயிற்சியாளர் மாறினாரா, எதிரணிகள் யார் என்ற நான்கு கேள்விகளை ஒட்டியே அங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். முதல் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள் ஆடும். கணக்குப் போட அதனால் இடமிருக்கிறது. அப்படியும் கணிப்பு தவறுவது சாதாரணம். 1999இல் புளோரிடா ஸ்டேட் அணி முதல் பட்டியலிலிருந்து கடைசிப் பட்டியல்வரை முதலிடத்திலேயே நின்றது. அதற்கு முன் எந்த அணியும் அதைச் செய்ததில்லை. 2012இல் முதலிடத்தில் தொடங்கிய தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி 7 வெற்றி, 6 தோல்வியுடன் பட்டியலிலேயே இல்லாமல் பருவத்தை முடித்தது.

அந்த நான்கு கேள்விகளும் பத்மநாபபுரம் வட்டாரத்துக்கும் பொருந்தும். ஆனால் இங்கே அவற்றுக்கு முன்னால் ஐந்தாவதாக ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

ஒரே வட்டாரம், மூன்று ஏணிகள்

திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரம் இன்று தக்கலையை ஒட்டிய அமைதியான ஊர். தலைநகரம் 1795இல் திருவனந்தபுரத்துக்குச் சென்றுவிட்டது. அரண்மனையும் கோட்டைச் சுவரும் எஞ்சியிருக்கின்றன. கால்பந்தைப் பொறுத்தவரை இவ்வூரின் இருப்பிடம் முக்கியமானது. கிழக்கே நாகர்கோவிலின் பழைய கல்லூரிகள், மேற்கே மார்த்தாண்டம், அதற்கப்பால் தூத்தூர் கடற்கரை. சுற்றிலும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் வெவ்வேறு அமைப்புகளின்கீழ் இயங்கும் கல்லூரிகள்.

திருவிதாங்கோட்டில் உள்ள முஸ்லிம் கலைக்கல்லூரி திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் உயர்கல்வி மையம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நாகர்கோவில் செல்லும் வழியில் சுங்கான்கடையில் உள்ள புனித சவேரியார் கத்தோலிக்கப் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. மூன்றும் ஒரே சாலையை நம்பியிருப்பவை. மூன்றின் மாணவர்களும் ஒரே பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள். ஆனால் அவர்களின் அணிகள் அதிகாரபூர்வமான போட்டியில் எதிரெதிரே நிற்பது அரிது. ஒவ்வொன்றும் வேறு ஏணியில் ஏறுகிறது.

கலை, அறிவியல் கல்லூரியின் அணி முதலில் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடும். அங்கே திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளும் வரும். பாளையங்கோட்டையின் தூய சவேரியார் கல்லூரியும் தூய யோவான் கல்லூரியும் இந்த ஏணியில்தான் இருக்கின்றன. பொறியியல் கல்லூரி அணி அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டிகளில் தொடங்கும். மாநிலம் முழுவதும் பரந்த பல்கலைக்கழகம் என்பதால் அங்கிருந்து பல்கலைக்கழக அணியில் ஓரிடம் பெறுவது நெடிய பாதை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் சொந்த மாணவர்களிலிருந்தே ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு நேரடியாக அனுப்பலாம்.

ஆகவே 'எந்த அணி வலுவானது' என்று கேட்கும்முன் 'எந்த ஏணியில் நிற்கும் அணி' என்று கேட்கவேண்டும். முதல் கேள்வியை மட்டும் கேட்பவரின் முன்மதிப்பீடு இந்த வட்டாரத்தில் பாதியிலேயே நின்றுவிடும்.

பல்கலைக்கழகம் மாறினால் எதிரணி மாறும்

இந்தப் பிரிவினை புதிதல்ல. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி இடம்பெயராமலேயே பல பல்கலைக்கழகங்களைக் கண்டது. 1893இல் கல்லூரியாக உயர்ந்தபோது அது சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தது. 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதனுடன் இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தபின் மீண்டும் சென்னைப் பல்கலைக்கழகம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானதும் அதன்கீழ் வந்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. 1952இல் தொடங்கிய தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் இதே மாற்றங்களில் பெரும்பாலானவற்றைக் கடந்தது. 1964இல் மார்த்தாண்டத்தில் தொடங்கிய நேசமணி நினைவு கிறித்தவக் கல்லூரிக்குத் திருவனந்தபுரம் எப்போதுமே வேறு மாநிலம்.

விளையாட்டில் இதன் பொருள் எளியது. பல்கலைக்கழகம் மாறும்போதெல்லாம் எதிரணிகளும் மாறின. திருவிதாங்கூர் பல்கலைக்கழகக் காலத்தில் நாகர்கோவில் மாணவனின் அளவுகோல் திருவனந்தபுரம் கல்லூரிகளாக இருந்தது. மதுரைப் பல்கலைக்கழகக் காலத்தில் அது வடக்கே நகர்ந்தது. 1990க்குப் பிறகு பாளையங்கோட்டையும் தூத்துக்குடியும்தான் அளவுகோல்.

படிவம் 3

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வெல்வது கல்லூரிக்குப் பெருமை. மாணவனுக்கு அதைவிடப் பெரியது பல்கலைக்கழக அணியில் இடம். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு நியமன விதிகளில் சான்றிதழ்கள் படிவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பன்னாட்டுப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 1, தேசியப் போட்டிகளில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆடியவருக்குப் படிவம் 4. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. கோப்பையை உயர்த்திப் பிடித்த அணித்தலைவன்கூட பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகாவிட்டால் அந்தக் கோப்பையைக் காட்டி ஒரு படிவமும் பெறமுடியாது.

பல்கலைக்கழக அணியில் இடங்கள் சுமார் இருபது. நான்கு மாவட்டங்களின் கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கு அவ்வளவுதான். தேர்வாகும் அணி தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும். அங்கே முதல் நான்கு இடங்களைப் பிடிக்கும் அணிகள் மற்ற மண்டலங்களின் அணிகளுடன் அகில இந்தியப் போட்டியில் மோதும். அதன் பரிசு சர் அசுதோஷ் முகர்ஜியின் பெயரால் வழங்கப்படுகிறது. தென்மண்டலம் கடினமானது. கேரளத்தின் கோழிக்கோடு பல்கலைக்கழகம் போன்ற நெடிய கால்பந்து மரபுள்ள அணிகளைத் தாண்டிச் செல்லவேண்டும். 2020இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இந்த ஏணிக்கு மேலும் ஒரு படியைச் சேர்த்தன.

தூத்தூர் கடற்கரையின் ஒரு குடும்பத்துக்கு இதன் மதிப்பு நன்றாகத் தெரியும். சென்னையின் ஒருங்கிணைந்த இரயில்பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி போன்றவை கால்பந்து அணிகளை வைத்திருந்த நிறுவனங்கள். அண்ணனோ மாமாவோ அப்படி ஒரு வேலைக்குப் போன வீடுகளில் தம்பியின் பயிற்சியை யாரும் 'விளையாட்டு' என்று சொல்லி ஒதுக்குவதில்லை.

யார் போனார்கள், யார் வந்தார்கள்

இளங்கலைப் படிப்பு மூன்றாண்டு. 18 பேர் கொண்ட அணியில் ஆண்டுதோறும் ஆறு பேராவது வெளியேறுவது இயல்பு. எண்ணிக்கையைவிட, வெளியேறுகிறவர்கள் எந்த இடத்தில் ஆடியவர்கள் என்பதே பெரிது. கோல்கீப்பர், நடுத்தடுப்பாளர், நடுக்கள வீரர், முன்னணி வீரர் என்று கோல் கம்பத்திலிருந்து எதிர்க் கோல்வரை ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டில் நிற்பவர்களில் இருவர் ஒரே ஆண்டில் போய்விட்டால் அணி புதிதாகத்தான் தொடங்கவேண்டும். ஓரங்களில் ஆடுபவர்களை மாற்றுவது எளிது. கோல்கீப்பர் போனால்தான் சிக்கல். இரண்டாம் கோல்கீப்பருக்கு மூன்றாண்டும் ஆட்டம் கிடைத்திருக்காது.

இங்கேதான் முதுகலைச் சேர்க்கைப் பட்டியல் பேசுகிறது. மூன்றாம் ஆண்டு முடித்த நல்ல நடுத்தடுப்பாளர் அதே கல்லூரியில் வரலாறோ பொருளியலோ எம்.ஏ. சேர்ந்திருந்தால் அணிக்கு மேலும் இரண்டாண்டு உறுதி. வயது வரம்பு அதற்கு இடம் தருகிறது. ஜூலை மாதத்தில் ஓர் அணியை மதிப்பிட விரும்புபவர் மைதானத்துக்குப் போவதற்கு முன் இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வருகிறவர்களைப் பற்றிய செய்தி விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கையில் கிடைக்கும். பள்ளி அளவில் பெயர்பெற்ற மாணவனை எந்தக் கல்லூரி எடுக்கிறது என்பதில் உடற்கல்வி இயக்குநர்களுக்கு இடையே அமைதியான போட்டி நடக்கும். விடுதி இடம், கட்டணச் சலுகை, காலை உணவு, வருகைப்பதிவில் கண்டிப்பு எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பேச்சில் அடங்கும். காலை ஐந்தரைப் பயிற்சிக்கு வரவேண்டிய பையனின் ஊரிலிருந்து முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பதும் அடங்கும். விடுதி இல்லாத கல்லூரியின் அணி தாளில் எவ்வளவு வலுவாகத் தெரிந்தாலும் பயிற்சிக்குப் பதினொரு பேர் சேர்வது கடினம்.

மணலில் வளர்ந்த ஆட்டம்

மாவட்டத்தின் கால்பந்து ஊற்று மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய ஊர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்றவை. அதே அளவுக்குக் கால்பந்துக்கும். தூத்தூரிலேயே புனித யூதா கல்லூரி இருக்கிறது. இரவிபுத்தன்துறையில் 1994இல் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியிலிருந்து ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. அணிகளுக்குச் சென்றவர். 2019இல் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர்.

இந்த ஊர்களிலிருந்து வரும் முதலாண்டு மாணவனை மதிப்பிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. கடற்கரை மணலில் பந்து உருளாது. அதனால் பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொள்ளவும், மேலெழுப்பித் தட்டவும், நின்ற இடத்திலிருந்தே திரும்பவும் பழகியிருப்பான். கெண்டைக்கால் உறுதியாக இருக்கும். அவனையே சரல் மண் கிடக்கும் உள்நாட்டு மைதானத்தில் இறக்கினால் முதல் வாரம் பந்து அவனை விட்டு ஓடும். அந்த ஒரு வாரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒருவனைக் கழித்துவிடக்கூடாது.

செவன்ஸ் ஆட்டம் இன்னொரு சிக்கல். விடுமுறைக்காலப் போட்டிகள் பலவும் அணிக்கு ஏழு பேர் ஆடுபவை. சிறிய மைதானம், குறைந்த நேரம். பெரும்பாலும் ஆஃப்சைடு விதி கிடையாது. செவன்ஸில் ஆட்டத்துக்கு மூன்று கோல் போடும் முன்னணி வீரன் பதினொருவர் ஆட்டத்தில் ஓயாமல் ஆஃப்சைடில் நிற்பான். ஆளை ஒட்டியே தடுத்துப் பழகிய தடுப்பாளனுக்கு, நால்வர் ஒரே வரியில் முன்னேறி நிற்பது புரியவே இரண்டு மாதம் ஆகும். மைதானத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தவும், தொண்ணூறு நிமிடத்துக்கு மூச்சைப் பங்கிடவும் செவன்ஸ் கற்றுத்தராது. ஒன்றுக்கு ஒன்று நிற்கும்போது அஞ்சாமல் பந்துடன் போகிற துணிச்சலை அது தருகிறது. எந்தப் பயிற்சியாளராலும் பிற்பாடு ஊட்டமுடியாத குணம் அது. செவன்ஸ் கோல்களை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ளும் முன்மதிப்பீடு ஏமாறும். செவன்ஸை முற்றாக ஒதுக்குவதும் அதே அளவுக்குத் தவறு.

கடலும் மழையும் தேர்வும்

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் இருக்கும். வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள் வீட்டில் இருப்பார்கள். கல்லூரிச் சேர்க்கையும் இதே மாதங்களில்தான். மகனைப் படிக்க அனுப்புவதா, படகில் ஏற்றுவதா என்ற முடிவு பல வீடுகளில் இந்த நாட்களில் எடுக்கப்படுகிறது. ஜூலையில் பயிற்சிக்கு வந்த ஒருவன் ஆகஸ்டில் காணாமல் போனால், தடை முடிந்து படகு புறப்பட்டுவிட்டது என்று பொருள் கொள்ளலாம். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு முன் செய்யும் கணிப்பு எதையும் முழுதாக நம்பமுடியாததற்கு இது முக்கியமான காரணம்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் இந்த ஊர்களில் ஏராளமான மீனவர்களின் உயிரைக் கொண்டுபோனது. கல்லூரிப் பருவத்தின் நடுப்பகுதி அது. தந்தையையோ அண்ணனையோ இழந்த வீட்டில் அடுத்து சம்பாதிக்கவேண்டியவன், பல சமயம், பதினெட்டிலிருந்து இருபது வயதுக்குள் இருப்பவன். ஓர் ஊரின் ஆட்டக்காரர்கள் ஒரு தலைமுறைக்கு ஏன் மெலிந்தார்கள் என்று கேட்பவர் இதையும் பார்க்கவேண்டும்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் பயிற்சி ஒரு மழையில் நனைகிறது. பருவத்தின் உச்சம் இன்னொரு மழையில் நனைகிறது. ஈரமான மைதானத்தில் நீளமாக அடித்து ஓடும் அணிகளுக்கே வாய்ப்பு அதிகம், குறும்பாஸ் ஆடும் அணி திணறும். இதற்கு நடுவில் பருவத்தேர்வும் வந்துவிடும்.

காயமும் எண்ணவேண்டியது. மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பர் 20 அன்று ஐ.எஸ்.எல். பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, முதல் பாதியிலேயே முழங்காலில் காயம்பட்டு வெளியேறினார். மருத்துவக்குழுவும் மறுவாழ்வுப் பயிற்சியும் உள்ள தொழில்முறை வீரருக்கே அது நீண்டகாலப் பின்னடைவாக அமைந்தது. கல்லூரி மாணவனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தால் அறுவைசிகிச்சைச் செலவு வீட்டுக்கணக்கில்தான் வரும். ஆகவே சென்ற ஆண்டு வலி என்று பாதியில் வெளியேறியவர் இந்த ஆண்டு ஓடுகிறார் என்றால், அவர் திரும்பும்போது எந்தக் காலை ஊன்றுகிறார் என்று பார்க்கும் பழக்கம் அனுபவமுள்ள உடற்கல்வி இயக்குநர்களுக்கு உண்டு.

ஃபிக்சர்

எல்லாம் சரியாகக் கணித்தாலும் நாக்-அவுட் போட்டியில் ஒரே பிற்பகல் அதைக் கலைத்துவிடும். கோப்பை வெல்ல நான்கோ ஐந்தோ ஆட்டம் போதும். சமநிலையானால் டை-பிரேக்கர். வலுவான இரு அணிகள் முதல் சுற்றிலேயே மோதும்படி ஃபிக்சர் அமைந்தால், தோற்ற அணியின் வீரர்களைத் தேர்வுக்குழு ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கும். 'பை' கிடைத்து, எளிய எதிரணியைத் தாண்டி அரையிறுதிக்கு வந்த அணியின் சராசரி ஆட்டக்காரனை மூன்று முறை பார்த்திருப்பார்கள். படிவம் 3 யாருக்குக் கிடைக்கிறது என்பதில் இந்த வேறுபாடு பெரியது. தோற்ற அணிகளிலிருந்தும் வீரர்களைக் குறித்துக்கொண்டு தனியாகத் தேர்வாட்டத்துக்கு அழைப்பது ஓரளவு சரிசெய்யும் வழி. அழைப்புக்குப் பரிந்துரைக்க உடற்கல்வி இயக்குநர் தன் அணியைத் துல்லியமாக அறிந்திருக்கவேண்டும். முன்மதிப்பீடு நேரடியாகப் பயன்படும் இடம் இதுதான்.

எல்லைக்கு அப்பால்

நீரோடியை அடுத்து மாநில எல்லை. எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொழியூர். கேரள அணிக்குப் பல சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களைத் தந்த ஊர் அது. இரு ஊர்களுக்கும் கடலும் தொழிலும் ஒன்று. உறவும் கொடுக்கல்வாங்கலும் உண்டு. பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். பொழியூர் பையன் கேரளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்றில் சேர்ந்து கேரள ஏணியில் ஏறுகிறான். நீரோடிப் பையன் தூத்தூரிலோ மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ சேர்ந்து திருநெல்வேலிக்குத் தேர்வாட்டத்துக்குப் போகிறான். விடுமுறையில் செவன்ஸ் ஆட்டத்தில் ஒரே அணியில் ஆடிய இருவரும் பல்கலைக்கழகச் சட்டையில் சந்திப்பதற்கு ஒரே வழி தென்மண்டலப் போட்டி. அங்கே நீரோடிப் பையனின் ஆட்டத்தைப் பொழியூர்க்காரன் முன்பே நன்றாக அறிந்திருப்பான்.